கூட ஒரு காது

பத்து வயதில் அம்மாவின் குரல் எனக்கு வாரத்துக்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு மேல் கொடைக்கானல் விடுதி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். சுவரில் ஒரு கறுப்புப் போன் தொங்கும். ஊரிலிருந்து வரும் அழைப்பு முதலில் மேட்டிலிருந்த பள்ளி ஆபீசுக்குப் போகும். அங்கே ஆபரேட்டர் எடுத்து, யாருக்கு என்று கேட்டு, கீழே எங்களுக்குத் தட்டிவிட வேண்டும். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலப் பேசினார்கள். என் அம்மா மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள்.

அந்த ஆபரேட்டர் வேறு யாருமில்லை, என் பெரியம்மா. அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. எனக்கு அந்தப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்ததே அவள்தான். முதல் வருடம் சனிக்கிழமைதோறும் நாயுடுபுரத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சுடச்சுடச் சோறு போட்டு அனுப்புவாள். அப்போதுதான் அவர்கள் இருவருக்கும் தம்பியான என் மாமாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. ஒன்றுவிட்ட தாய்மாமன்கள் வரை ஊரே அதில் இருந்தது, பெரியம்மாவைத் தவிர. பெரியப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுப் பத்திரிகையில் ஆண்களின் பெயரைத்தான் போடுவார்கள். ஆண் இல்லாத வீட்டை எப்படிப் போடுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தவள் அம்மா.

பெரியம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மாவும் நேரில் போய் அழைக்கவில்லை. என் சனிக்கிழமைகளும் அத்தோடு போயின. பள்ளியில் எதிர்ப்பட்டால், "சாப்பிட்டியா?" என்பாள். பதில் வருவதற்குள் நடந்துவிடுவாள். மற்ற பிள்ளைகள் டவுனுக்குப் போகும் சாயங்காலங்களில் நான் படுக்கையில் உட்கார்ந்து ஜன்னலில் மஞ்சுப் பனி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்காவும் தங்கையும் வாரம் ஒருமுறை போனில் சந்தித்துக்கொள்வதை வார்டன் ஒருநாள் நடித்துக் காட்டினார். எங்கள் ஊர் ஆயக்குடியிலிருந்து அம்மா, "ஹாஸ்டல் குடுங்க" என்பாள். பெரியம்மா, "லைன்ல இருங்க" என்பாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அம்மா பேச்சில் என் காதில் விழுந்த கொஞ்சத்திலும் உருப்படியான செய்தி இருக்காது. தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இந்த வருடம் கொய்யா சின்னதாகக் காய்த்திருக்கிறது, இடுப்புவலிக்கு டாக்டரிடம் போனேன், பயப்பட ஒன்றுமில்லை என்றுவிட்டார் என்று சொல்லிக்கொண்டே போவாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இடுப்புவலி எதற்கு?

"கேக்கலம்மா, சத்தமாப் பேசும்மா."

"கேக்குற மட்டும் கேளு," என்பாள் அம்மா, குரலைக் கூட்டாமலேயே.

நான் வார்டனிடம் அழுது புகார் செய்தேன். பஜாரில் ரேடியோ, போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒரு புதன்கிழமை வந்தார். அந்தப் போன் ஏற்பாடு முழுவதையும் பார்த்துவிட்டு, "இது எனக்கு மூத்தது பாப்பா. மஞ்சு எறங்குனா மனுசனுக்குப் பிடிக்கிற மாதிரி இதுக்கும் சளி பிடிச்சிரும்" என்றார். கேட்கும் பக்கத்து மூடியைத் திருகி எடுத்து உள்ளே இருந்த வில்லையை அடுப்படியில் காட்டிக் காயவைத்தார். பச்சை பிடித்த வயர் முனைகளை உப்புத்தாளால் தேய்த்தார். மேலே ஆபீசுக்குப் போய், "ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு" என்றார். காதைப் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா பழையபடி கிணற்றுக்குள் போய்விட்டாள். மறுவாரம் பாய் வயரையே மாற்றினார். அதற்கும் அம்மா மேலே வரவில்லை.

மூன்றாவது முறை தன் மானப் பிரச்சனையாக எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே வந்தார். சீசன் கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். மற்ற பிள்ளைகளின் அழைப்பையெல்லாம் ஒரு நொடி காதில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். என் முறை வந்தது. கேட்டார், நெற்றியைச் சுருக்கினார்.

"ஆபீஸ்ல ரிசீவர வைக்கல போலருக்கு. ரெண்டு காதுக்குப் பிரிஞ்சா சத்தம் கம்மியாத்தான் வரும். வெரசா ஓடிப் போயிப் பாத்துட்டு வா."

"அம்மா, இரு, வந்துர்றேன்" என்று சொல்லி ரிசீவரைப் பலகையில் வைத்துவிட்டு ஓடினேன். ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்து உள்ளே பார்த்தேன். பெரியம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். பேசும் பக்கத்தை மற்றக் கையால் மூடியிருந்தாள். கண்ணும் மூடியிருந்தது. நான் அங்கே ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன், கீழே போனில் யாருமில்லை. ஆனாலும் யாரோ ஏதோ சொல்வது போல அவள் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி ஓடிவந்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் வார்டன் காதிலும் விழும்படி பாயிடம் சொன்னேன். கண்டுபிடித்த பெருமை எனக்கு.

பாய் தாடியைச் சொறிந்தார். குரலைத் தாழ்த்தி, "உங்க பெரியம்மாதானே அவங்க? இது ரிப்பேர் இல்ல பாப்பா. அப்பிடியே விட்ருவமா?" என்றார்.

"முடியாது. எனக்கு எங்கம்மா கொரல் கேக்கணும்."

அவர் மேலே போனார், நானும் கூடவே போனேன். கீழே இணைப்பைக் கொடுத்ததும் ஆபீஸ் ரிசீவரில் ஒன்றும் கேட்காதபடி ஒரு வயரை மாற்றிக் கட்டினார். மேசைக்கு அடியில் இருட்டு. பெரியம்மாதான் டார்ச் பிடித்தாள். எதற்கு இந்த வேலை என்று அவள் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் பாய்க்கு டீ போட்டுக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றாள். அன்று பதில் வரும்வரை நின்றாள்.

அடுத்த ஞாயிறு அம்மாவின் மூச்சுகூடக் கேட்டது. பின்னால் கொய்யாப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் சத்தம் கேட்டது. எனக்கு நிலைகொள்ளவில்லை. பாய் வந்தது, நான் ஓடியது, ஜன்னலில் பார்த்தது, வயர் மாற்றியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அம்மா கேட்டாள்:

"அப்ப, அக்காவுக்கு இனிமே கேக்காதா?"

"கேக்கவே கேக்காது. நாம ரெண்டு பேர் மட்டுந்தான்."

அம்மா மூக்கை உறிஞ்சுவது அத்தனை தெளிவாகக் கேட்டது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவள் சொன்னாள்:

"ஏன்டி, பழையபடியே வைக்கச் சொல்றியா?"

ரிசீவரை மாட்டிவிட்டேன். என் ஐந்து நிமிடத்தில் இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மாவுக்கு என் குரல் சலித்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.