யே போட்ட பூச்சி

கங்ஷானில் இருக்கும் என் திருகாணித் தொழிற்சாலை எவன் தயவிலும் வந்ததில்லை. பதின்மூன்று வயதில் லேத்தடியில் இரும்புத்தூள் கூட்டியவன் நான். படிப்பு நாலாம் வகுப்போடு சரி.

என்னிடம் கணினி பார்த்தவர் யே பிங்-ஷுன். பதினான்கு வருடம், ஏழு மாதம். இன்னும் ஐந்து மாதம் ஓட்டினால் ஓய்வூதியம். சுவர் நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே வந்தார்.

சரக்கு விவரமெல்லாம் அவர் எழுதிய கறுப்புத் திரைக்குள் கிடந்தது. கட்டளை தட்டினால்தான் அது வாய் திறக்கும். எக்செல்லில் திறக்கிற மாதிரி பட்டியல் வேண்டும் என்றேன். மூன்றே நாளில் புதுக் கட்டளை ஒன்றைச் சேர்த்தார். திறந்து பார்த்தால், ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் குட்டியாக ஒரு கோடு.

"என்னய்யா இது, நம்பர் மேலல்லாம் பூச்சி உக்காந்திருக்கு?"

"அது இருக்கட்டும் முதலாளி. எடுத்தா முன்னாடி இருக்கிற சைபரை எக்செல் முழுங்கிடும். 0812 துருப்பிடிக்காத ஸ்க்ரூ, 812 வெறும் இரும்பு."

"எனக்கே ஸ்க்ரூ பத்திப் பாடமா? பாக்கிறவன் சிரிப்பான். எடுய்யா."

"நீங்கதான் எடுக்கச் சொன்னீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க."

அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது.

"என் வாய்ச்சொல்லுக்குக் கப்பலே கிளம்புது. ஒனக்குக் காகிதம் கேக்குதோ?"

எடுத்துவிட்டார். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பேக்கிங் நடந்தது. ஒசாகாவில் படகு கட்டுகிறவர்களுக்கு வெறும் இரும்பு போய்ச் சேர்ந்தது. உப்புத் தண்ணீர் பட்டு ஒரே மாதத்தில் துரு. சரக்கு முழுதும் திரும்பி வந்தது.

தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நூற்றிருபது பேர் முன்னால் முதலாளி தலை குனிந்தால், மறுநாள் எவனும் அவன் பேச்சைக் கேட்க மாட்டான்.

ஆண்டு முடிவு விருந்தில் முழுக்கோழி வைப்போம். அதன் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு வேலை போயிற்று என்று அந்தக் காலத்தில் அர்த்தம். இப்போதெல்லாம் வம்பு வேண்டாமென்று தலையை முதலாளி பக்கமே திருப்பி வைக்கிறார்கள். நான் என் கையாலேயே தட்டைச் சுற்றினேன். அலகு யேயின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"முதலாளி, விளையாட்டுதானே?" என்றாள் பேக்கிங் பார்க்கும் பாவ்-சு.

"செத்த கோழி விளையாடுமா?"

யே எழுந்திருக்கவில்லை. "அஞ்சே மாசம் முதலாளி. தரையைக்கூடக் கூட்டுறேன்."

"அதுக்கு ஆள் இருக்கு. சாப்பிட்டுட்டுக் கிளம்பு."

சாப்பிட்டார். அந்தத் தலையையே குச்சியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, மண்டையோடு மட்டும் மிஞ்சும்வரை உறிஞ்சினார்.

மறுவாரம் கணினி தெரிந்த வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு, பூச்சியைத் திரும்பவும் வைக்கச் சொன்னேன்.

"இதை எவன் சார் எடுத்தது? எடுக்காதேன்னு புரோகிராம் எழுதினவரே உள்ள குறிச்சு வெச்சிருக்காரே!"

"எடுத்தவனை அனுப்பியாச்சு" என்றேன்.