ராமாயி அக்காவின் தேத்தண்ணி

எழுபதுகளின் கடைசியில், சமூகப்பணி படித்த கையோடு தர்மபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இனக்கலவரத்துக்குத் தப்பி மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே காடு வெட்டிக் குடியேறியிருந்தார்கள். கோயில்காரர் ஏழைகளுக்குச் சேலை கொடுப்பது தர்மம், நான் செய்வது தொழில் என்ற மிதப்பு எனக்கு.

உதவி பெறுபவர்களிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது படித்த விதி. குடும்ப விபரம் எழுதப் போன இடத்தில், அப்படி வந்து குடியேறிய ராமாயி அக்கா தேத்தண்ணி நீட்டினார். "வேண்டாமக்கா, இப்பதான் குடிச்சனான்" என்று பொய் சொன்னேன்.

மறுவாரம் எல்லோருக்கும் மண்வெட்டி கொடுத்தோம். அவர் மட்டும் வரவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். பிடி உடைந்த பழைய மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா வரேல்ல?"

"எங்க தேத்தண்ணி ஒங்களுக்கு ஆகாது. ஒங்க மம்பட்டிய மட்டும் நாங்க வாங்கணுமாங்கய்யா?"

விதியைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில் எங்கள் ஊர் ஆட்கள் பலர் சாதி பார்த்துத் தண்ணீர் குடிப்பதில்லை. என் அம்மாவும் அப்படித்தான். அந்த விதி எனக்கு வசதியாகவும் இருந்தது.

"இப்ப தேத்தண்ணி கிடைக்குமோ அக்கா?"

அவர் அடுப்பை மூட்டினார். நான் கோப்பையைக் காலி செய்த பிறகுதான் மண்வெட்டியைக் கையில் வாங்கினார்.

அத்தனை படித்தும், கொடுக்க மட்டுமே தெரிந்தவனாகத்தான் அந்த வாசலுக்குப் போயிருக்கிறேன்.