வெறும் தாளில் அளந்த தமிழ்

அரசாங்கத்தில் கணக்கெடுப்புப் பிரிவில் இருக்கிறேன். கேள்வித்தாள் தயாரிப்பதுதான் என் பிழைப்பு. ஜனக்புரியில் எங்கள் குடியிருப்புத் தமிழ்ச் சங்கம், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைத் தொடர்வதா, மூடிவிட்டு அறையை யோகாவுக்கு விடுவதா என்று குழம்பியபோது, "பிள்ளைங்களுக்கு எவ்வளவு தமிழ் தெரியும்னு நீங்களே அளந்து சொல்லுங்க மேடம்" என்றார் தலைவர். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அழகான செந்தமிழில் இருபது கேள்வி அச்சடித்தேன்.

முக்கால்வாசிப் பிள்ளைகள் வெறும் தாளைத் திருப்பித் தந்தார்கள். என் மகளும்தான். "பாத்தீங்களா, தமிழே வரல. அடுத்த மாசத்தோட மூடிடலாம்" என்றார் தலைவர். கணக்கு என்னுது, கையெழுத்து என்னுது. வாய் திறக்க முடியுமா?

மகள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வாசலில் செருப்பை உதறிவிட்டு வெடித்தாள். "எனக்குத் தமிழ் படிக்கத்தாம்மா வராது. தெரியாதுன்னு யார் சொன்னா? தினம் உன்கிட்ட சண்டை போடறது எந்த பாஷைலயாம்?"

ஐயோ, பொளேரென்று அறைந்த மாதிரி இருந்தது. எடை பார்க்க முழக்கோலைக் கொண்டுபோயிருக்கிறேன்! டெல்லியில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு எழுத்தே தெரியாது. நான் அளந்தது வாசிப்பை, அறிக்கையில் எழுதியதோ தமிழ் என்று. ஆபீசில் அடுத்தவர் செய்தால் இதே தப்பைச் சிவப்பு மையில் சுழிக்கிறவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தலைவரிடம் போய் இன்னொரு ஞாயிறு கேட்டேன். இந்தத் தடவை பேப்பரே கிடையாது, பேச்சு மட்டும்தான் என்று சொன்னதும் சம்மதித்தார்.

சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்துக்கு மதுரையிலிருந்து புதிதாக ஒரு சமையல்காரர் வந்திருந்தார். ஹிந்தியில் ஒரு சொல் தெரியாது. அவரை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நிற்கச் சொல்லி, எங்கள் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டோம். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாக வழி சொல்லி, அவரை இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சொன்ன இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒன்று, சேராவிட்டால் சைபர். நடுவில் ஹிந்தி வந்தால் என்ன செய்வது என்று தலைவர் மடக்கினார். "அவருக்குப் புரியுதான்னு மட்டும் பாப்போம் சார், அச்சா?" என்றேன். தலைவரே சிரித்துவிட்டார்.

ஒரு பொடிசு இடதையும் வலதையும் மாற்றிச் சொல்லி, மனுஷனை மீன்கடைக்குள் அனுப்பிவிட்டது. மறைக்காமல் சைபர் எழுதினேன். அடுத்தவள், "பயப்படாதீங்க அண்ணே, வந்த வழியே திரும்புங்க" என்று மீட்டாள். ஹவுஸ் காஸ் ஸ்டேஷனில் மஞ்சள் லைன் மெட்ரோவிலிருந்து மெஜந்தா லைனுக்கு மாறுவது என் மகளின் பங்கு. பெரியவர்களே முழிக்கிற இடம்.

"அண்ணே, கூட்டத்துக்குப் பின்னாடி போகாதீங்க. தரையில வாடாமல்லி கலர்ல கால் தடம் போட்டிருக்கும். அது மேலயே நடங்க, ஜல்தி!"

வாடாமல்லி! இந்தச் சொல்லை எங்கே பிடித்தாள்? என் இருபது கேள்வியில் எதுவும் இதைத் தொட்டிருக்காது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசிப் பிள்ளை மாடிப்படி வரைக்கும் சொல்லி முடிக்கவும், வியர்வையைத் துடைத்தபடி அவர் அறைக்குள் வரவும் சரியாக இருந்தது. கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. தலைவர் அங்கேயே யோகாக்காரருக்குப் போன் போட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

தலைவர் என் பழைய அறிக்கையின் கதையைச் சொல்ல, சமையல்காரர் பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்தார். "இதுகளுக்கா தமிழ் வராது? எந்தக் கூறுகெட்ட ஆளுங்க அப்படி எழுதினது?"

"நான்தாண்ணே!" என்று இரண்டு கையையும் தூக்கினேன்.