முப்பத்தேழாவது படம்

கடையில் அவளுக்குப் பெயர் கட்டர். கல்லூரிக்கு எதிர்வரிசையில் இருந்த அந்தப் பிரிண்டிங் கடையில் சேர்ந்த முதல் மாதமே முதலாளி வைத்த பெயர் அது. "ஏம்மா கட்டர், இதப் பாரு" என்று அவர் கூப்பிட, கல்லூரிப் பிள்ளைகள் அதோடு ஓர் அக்காவைச் சேர்த்து கட்டர் அக்கா ஆக்கிவிட்டார்கள். இயந்திரத்திலிருந்து சுருள் சுருளாக இறங்கும் படங்களை மேசையில் விரித்து, இரும்பு ஸ்கேலை அழுத்தி, ஓரத்து வெள்ளையை நறுக்கி, பின்னால் அட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் படம் பாழ். இத்தனை வருடத்தில் அவள் பாழாக்கியது மூன்றே படம். அதில் ஒன்றுக்கு முதலாளியின் தும்மல்தான் காரணம் என்று இன்றைக்கும் சாதிப்பாள்.

அதற்கு முன் அவள் வேலைக்குப் போனதில்லை. கணவர் ஒரு பேட்டரி குடோனில் மேற்பார்வை. அதிகம் பேசாத மனிதர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அவருடைய போன் ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது.

மறுநாள் அவள் குடோனுக்கு ஓடினாள். அங்கிருந்த மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க? ஆளக் குறைச்சப்ப அவரையும் நிறுத்தியாச்சே. நாலு மாசம் ஆச்சு."

நாலு மாதம்! அந்த நாலு மாதமும் மனிதர் தினம் சவரம் செய்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, எட்டு மணிக்குக் கிளம்பியிருக்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்குக் காலி டப்பாவோடு வந்து, "இன்னைக்கு லோடு ஜாஸ்தி" என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவளும் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். எவளோ ஒருத்தி என்றார் மைத்துனர். சாமியாராகியிருப்பார் என்றாள் ஒரு சித்தி. ஒரு வருடம் போனதும் கதை கட்டுகிறவர்களுக்கும் அலுத்துவிட்டது. அந்த நாலு மாதம் எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று யோசிப்பதை அவளும் விட்டுவிட்டாள். இப்போது எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் விடவில்லை. பேருந்தில் போனால் ஜன்னல் பக்கம், தெருவில் நடந்தால் எதிரே வரும் கூட்டத்தின் பக்கம், அவள் கண் அலைந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அப்பா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

ஒவ்வொரு வருடமும் போட்டோகிராபி படிக்கும் கடைசி வருடப் பிள்ளைகள் நகரத்தைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். ஆளுக்கு நாற்பது படம். கண்காட்சி வைத்து மார்க் போடுவார்கள். அந்தப் பதினைந்து நாளும் கடையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வருடம் எல்லோரையும்விடக் கடைசியாக வந்தது ஒரு பெண். வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்குள் நுழைந்து, கண்ணாடிக்குள்ளிருந்து பேசுகிறவள். ஹெல்மெட் என்றே கடையில் பெயராகிவிட்டது.

"அக்கா, நாளைக்குக் காலையில வேணும். உங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

"முதல்ல தலையில இருக்கிறத எடு. யார்கிட்ட பேசறேன்னே தெரியல எனக்கு."

அன்று மத்தியானம் அவள் நறுக்க ஆரம்பித்தாள். பாலத்தடி, மீன் ஏற்றும் வண்டி, கட்டடத்தின் மேல் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவன் என்று ஒவ்வொன்றாகப் போனது. முப்பத்தேழாவது படம் மேற்குப் பேருந்து நிலையம். ஓர் அம்மா சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறாள், பெட்டி மேல் குழந்தை உட்கார்ந்து சிரிக்கிறது. நல்ல படம்தான். ஸ்கேலை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

குழந்தைக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பெஞ்சில் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு மனிதர். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காலை மடித்து அடியில் போட்டிருக்கிறார். பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறார். இருபது வருடம் வீட்டில் பார்த்த அதே உட்காரும் விதம். முகம் தெரிய வேண்டியதில்லை அவளுக்கு.

கத்தியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் படம் வாங்க வந்த ஹெல்மெட்டிடம் கேட்டாள். "ஏம்மா, இந்தப் படம் எப்ப எடுத்த?"

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "போன மாசம்தான்க்கா. ஏன்?"

"எத்தனை மணி இருக்கும்?"

"காலையில... பதினொண்ணு, பதினொண்ணரை. ஏதாவது தப்பா வந்திருக்கா?"

"இல்லம்மா. நல்லா வந்திருக்கு" என்றாள்.

முதலாளியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். வாய்த்துடுக்கான அந்த மனிதர் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை. அந்த உருவத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். பெரிதாக்கப் பெரிதாக்க மனிதர் கரைந்துகொண்டே போனார். கடைசியில் கையில் வந்தது சாம்பல் புள்ளிகளாலான ஒரு தலையும் தோளும். இருந்தாலும் அதை உறையில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

மதியத்திலிருந்து வேலை பார்ப்பதாக முதலாளியிடம் சொல்லிவிட்டு, காலை ஒன்பது மணிக்கெல்லாம் மேற்குப் பேருந்து நிலையத்துக்குப் போக ஆரம்பித்தாள். முதல் நாள் கையை வீசிக்கொண்டு போனாள். இரண்டாம் நாளிலிருந்து இரண்டு சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். எத்தனை நாள் பட்டினியோ, வந்ததும் வராததுமாகக் கேள்வி கேட்காமல் முதலில் சாப்பிட வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் அந்த இரண்டாவது டப்பாவைக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அவளே தின்று தீர்ப்பாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் மகள் கேட்பாளே.

பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் டைம் கீப்பர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஆளா, மேகமாம்மா? இதை வச்சு நான் யாருன்னு சொல்ல?"

"தினம் வருவாரோன்னு நெனச்சேன்."

"இங்க தினம் வந்து சும்மா உக்காந்திருக்கிறவங்க நாப்பது பேரு இருக்காங்க. பஸ் ஏற மாட்டாங்க, வீட்டுக்கும் போக மாட்டாங்க. நீயே பாத்துக்கோ."

அவளும் பார்த்தாள். வேலை போனவர்கள், பிள்ளைகள் வீட்டில் இடம் இல்லாதவர்கள், காரணமே தெரியாதவர்கள். ஒரு வாரத்தில் பாதிப் பேரை அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அவர் மட்டும் இல்லை. பத்தொன்பது நாள் போனாள். இருபதாவது நாள், முந்தின சாயங்காலம் கடையில் நிறம் சரியில்லை என்று ஒதுக்கிப் போட்டிருந்த பிரிண்டுகளுக்குள் அந்த முப்பத்தேழாவது படம் முழுசாக ஒன்று கிடந்ததைப் பார்த்து, அதையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். எந்த இடம் என்று சரியாகத் தெரிந்தால் அங்கேயே உட்காரலாமே.

டைம் கீப்பர் படத்தை விரித்ததும் சிரித்தார்.

"அட, நம்ம பழைய பெஞ்சு! இது எங்கம்மா கிடைச்சுது?"

"பழைய பெஞ்சா?"

"இந்த சிமெண்ட் பெஞ்சையெல்லாம் இடிச்சுத் தள்ளி ஆறு வருசம் ஆச்சே. இப்ப சுத்திப் பாரு, எல்லாம் இரும்பு நாற்காலி. மேல கூரையும் தகரம் இல்ல பாரு." அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "உக்காரும்மா. தண்ணி குடி."

பத்தொன்பது நாளும் அவள் அந்த இரும்பு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். படத்தில் அவரைப் பார்த்தாளே தவிர, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சு அவள் கண்ணில் படவே இல்லை.

அங்கிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனாள். கண்காட்சியின் கடைசி நாள். அவள் நறுக்கிய படங்களெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகத் தொங்கின. முப்பத்தேழாவது படத்துக்குக் கீழே சிறந்த படம் என்று ஒரு சிவப்பு நாடா. அதன் பக்கத்தில் அந்தப் பெண், பெற்றோர் இருவரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தலையில் ஹெல்மெட் இல்லை. கட்டரைப் பார்த்ததும் சிரித்தாள். அப்புறம் அவள் கையிலிருந்த சுருளைப் பார்த்தாள்.

நடைபாதைக்குத் தனியே கூட்டிப்போய், படம் உண்மையில் எப்போது எடுத்தது என்று கேட்டபோது அந்தப் பெண் ஒரு நிமிடம் மழுப்பினாள். பிறகு பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"எங்க அண்ணன் எடுத்ததுக்கா. அவன் காலேஜ் படிக்கும்போது. எனக்கு ஒரு படம் குறைஞ்சுது, நேரம் இல்ல. சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, என் டிகிரியே போயிடும்."

"அத விடும்மா. இதுல பின்னாடி உக்காந்திருக்கிறது எங்க வீட்டுக்காரர். காணாமப் போயி ஏழு வருசத்துக்கு மேல ஆச்சு. எப்ப எடுத்ததுன்னு மட்டும் உங்க அண்ணன்கிட்டக் கேட்டுச் சொல்லு."

அந்தப் பெண் உடனே அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன்காரன் பழைய கோப்புகளைத் தேடிப் பத்து நிமிடத்தில் தேதி சொன்னான். ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. கட்டர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். அவர் காணாமல் போவதற்கு ஆறு வாரம் முந்தி. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்திருப்பார். லோடு ஜாஸ்தி என்று சொல்லியிருப்பார்.

"அன்னைக்கு எடுத்தது வேற இருக்கா?"

அண்ணன் இன்னும் இரண்டு படம் அனுப்பினான், அந்தப் பெண் அவற்றைக் கட்டரின் போனுக்கும் அனுப்பினாள். ஒன்று பதினொன்று ஐம்பதுக்கு, ஒன்று பன்னிரண்டரைக்கு. முன்னால் பேருந்துகள் மாறியிருந்தன, ஆட்கள் மாறியிருந்தார்கள். பின்னால் அவர் அதே பெஞ்சில், அதே காலை மடித்துக்கொண்டு, பையின் வாரைச் சுற்றிக்கொண்டு இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் தலைகூடத் திரும்பியிருக்கவில்லை.

"அக்கா, நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்கக்கா."

"போய் அப்பா அம்மாகூட நில்லு. தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பெண்ணை அவள் யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. யாரிடமும் போய்ப் பேச உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மகளிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னாள். பத்தொன்பது நாள் கதையையும், இரண்டாவது டப்பாவையும் சேர்த்து. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். மகள் எழவில்லை. மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஏம்மா, அந்த பஸ் ஸ்டாண்ட் என் ஸ்கூலுக்குப் போற வழிதானே. தினம் பஸ்ல அது வழியா போயிருக்கேன்."

"ஆமா."

"நான் எப்பவும் உள்பக்கமே உக்காந்திருந்திருக்கேன்போல."

கட்டர் எழுந்து போய் இரண்டு டப்பாக்களையும் கழுவி வைத்தாள்.

குடியிருந்த வீட்டின் ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால், ஏழு வருடமாகக் காணாதவர் இறந்ததாகக் கருதச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். மகள் ஒரு வருடமாக அந்த மனுவை வாங்கி வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். "உயிரோட இருக்கிற மனுசனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அவளும் பிடிவாதமாக இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலே, "அந்தத் தாளை எடுத்துட்டு வாடி" என்றாள்.

மகள் பேனாவும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்ட, அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறந்த தேதி, உயரம், அடையாளம். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்ற கட்டத்தில் மகளின் பேனா நின்றது.

"வீட்டு வாசல்னு போடு" என்றாள். மகள் எழுதினாள். கட்டர் தாளைத் தன் பக்கம் திருப்பிக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, உலர வைத்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள்.