இடது கைக்கு ஒரு ரொட்டிக் கத்தி

என் பெண்டாட்டிக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. கத்திக் கடையிலும் அப்படித்தான். ஒரு முழு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலமாரிக்கு அலமாரி அலைந்தாள். பின்னாலேயே நானும் அலைந்தேன்.

பதினெட்டு வருஷமாக பேக்கரியில் ரொட்டி வெட்டுகிறவள். அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் அவள் வெட்டிய துண்டில் குறை சொல்ல முடியாது. ஆறு மாதம் முன்பு வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. இடது கைக்கு மாறினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டும் மேலே தடியாக, கீழே காகிதமாக வந்தது. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வெட்டுற மேசைக்கு வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"கத்திதாங்க சரியில்ல" என்பாள். நான் வாங்கிக் கொடுத்த மூன்றும் சரியில்லையாம்! "கத்தி மேல பழி போடாத, உன் கைதான் போச்சு" என்று எரிந்து விழுந்தேன். அதோடு நின்றேனா? நேற்று அவளுக்குத் தெரியாமல் முதலாளியைப் பார்த்து, "அவளா ஒத்துக்க மாட்டா, நீங்களே பொட்டலம் கட்டுற வேலையில போட்டுடுங்க" என்று கேட்டேன். அவரும் தலையாட்டிவிட்டார். அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். ஆனாலும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைக்காரர் பலகை போட்டு வெட்டிப் பார்க்கச் சொன்னார். நீளக் கத்தி, குட்டைக் கத்தி, எதை எடுத்தாலும் கோணல்தான். அவள் முகம் சுண்டிப்போனது.

"போதும், வா போலாம்" என்றேன்.

"இருங்கம்மா, இடது கையா?" என்றார் கடைக்காரர். "இந்தக் கத்திங்க பல்லையெல்லாம் ஒரு பக்கம்தான் தீட்டியிருப்பாங்க. வலது கைக்குச் சரியா இருக்கும். இடது கையில பிடிச்சா ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும்."

உள்ளே போய், பல்லை இரண்டு பக்கமும் தீட்டிய கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். அவள் வெட்டினாள். துண்டு நேராக விழுந்தது. அடுத்ததும் நேர். நான் லாரி டிரைவர். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பேன். பெண்டாட்டி விஷயத்தில் அந்தப் புத்தி எங்கே போனதோ! வெட்கமாக இருந்தது.

"திங்கக்கிழமை முதலாளி மூஞ்சிய பாக்கணும்" என்று சிரித்தாள்.

மென்று முழுங்கி, நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. கத்தி மட்டும் நிற்கவில்லை. முழு ரொட்டியையும் வெட்டி முடித்தாள். கத்திக்குக் காசு கொடுத்துவிட்டு, துண்டுகளைப் பையில் போட்டு என் கையில் திணித்தாள்.

"நடங்க. என்னைக் கேக்காம கேட்டீங்கல்ல, இப்ப என் முன்னாடி நின்னு முதலாளிகிட்ட வேணாம்னு சொல்லுங்க."

பேக்கரி வரை அவள் முன்னால் நடந்தாள். ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும் நடந்தேன்.