முன்பக்கம் கம்பெனியில், பின்பக்கம் தலத்தெருவில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாவியைத் திருப்பினால் ஓட வேண்டும், பிரேக்கை மிதித்தால் நிற்க வேண்டும். இதற்கு மேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. ஒன்பது வருடமாக அதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. சிக்கல் என் மனைவியின் முதுகில் ஆரம்பித்தது.

அவளுக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்தியது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கால் வராமலே போனாலும் போகலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டேன். நல்லபடியாகவே முடிந்தது. இடது பாதத்தில் மட்டும் மரமரப்பு பாக்கி இருந்தது. "அது மெல்லத்தான் போகும். மறுபடி அழுத்தம் வந்தா உடனே கண்டுபிடிக்கணும், அதனால மாசாமாசம் நான் பாத்தாகணும்" என்றார் டாக்டர். அப்புறம் என்னைப் பார்த்து, "குலுக்காம கூட்டிட்டுப் போங்க" என்றார்.

புதுச்சேரி எங்கள் தலைநகரம்தான், ஆனால் காரைக்காலிலிருந்து அங்கே போய்ச்சேர தமிழ்நாட்டுக்குள் நாலு மணி நேரம் உருள வேண்டும். நாலு வழிச்சாலை போடுகிறோம் என்று அங்கங்கே மண்ணைக் கொட்டி வழியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். டாக்டர் அப்படிச் சொல்லி அனுப்பிய அன்றைக்குக் கடலூர் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தவள், சிதம்பரம் தாண்டியதும் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தரங்கம்பாடி வரும்போது அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து படுத்ததும் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"வண்டி ரொம்பத் தூக்கிப் போடுதுங்க. அடுத்த மாசம் நான் வரல."

சொன்னபடியே அடுத்த மாதம் அவள் வரவில்லை. மரமரப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அதான் வரச் சொன்னனே, கேட்டியா?" என்று கத்தினேன்.

"ஒரு ஆக்டிங் டிரைவரப் போட்டுக்கிட்டுப் போலாமா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன கை இல்லையா, கால் இல்லையா?" என்றேன்.

வண்டிதானே தூக்கிப் போடுகிறது, வண்டியைச் சரிசெய்வோம் என்று இறங்கினேன். அடுத்த பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்தது.

முதலில் போனது கம்பெனி சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி. சட்டையை இன் பண்ணிய ஒருவர் கையில் டேப்லெட்டோடு வந்தார். அவரே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து, முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டது என்றார். அதோடு மவுண்ட், புஷ், லிங்க் ராட் என்று மளிகை லிஸ்ட் மாதிரி அடுக்கினார். பின்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

"இருக்கறதவிட நல்லதாப் போட முடியாதா?" என்று கேட்டேன்.

"எங்ககிட்ட அப்கிரேடுன்னு எதுவும் கெடையாது சார். ஒரிஜினல் மட்டும்தான். வெளில மாத்துனீங்கன்னா வாரண்ட்டி போயிடும்."

வாரண்ட்டி போய்விடக் கூடாதே என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒன்பது வருட வண்டிக்கு ஏது வாரண்ட்டி என்று பாதி வழியில்தான் உறைத்தது. புதிதாகப் போட்டால் எவ்வளவு நாள் உழைக்கும் என்றும் அவரிடம் கேட்டிருந்தேன். "அது டிரைவிங் ஹாபிட்டப் பொறுத்தது சார்" என்று சொல்லிவிட்டு டேப்லெட்டைப் பார்த்தார். மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து, தலத்தெருவில் ஒரு மெக்கானிக் ஷெட். தகரக் கொட்டகை, மேலே மாதா படம், கீழே எண்ணெய் ஊறிய மண். மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது இளையவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை.

"அவங்க எந்தப் பக்கம் சார் ஒக்காருவாங்க?"

"பின்னால, இடது பக்கம்."

"அப்ப நான் அங்க ஒக்கார்றேன். நீங்க ஓட்டுங்க. சுரக்குடி வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

எனக்கு இது பிடித்திருந்தது. எப்போதும் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினேன். வயல் நடுவே ஒரு மதகுப் பாலத்தில் வண்டி ஏறி இறங்கியபோது பின்னாலிருந்து "மாதாவே!" என்று சத்தம் வந்தது.

"பாத்தீங்களா? இதத்தான் சொல்றேன்!" என்று வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குத் திரும்பி வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பின்பக்க ஷாக் இரண்டும் எண்ணெய் கசிகிறது, கேஸ் ஷாக் போட்டால் மெத்தென்று இருக்கும், முன்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை என்றார். பிறகு பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தார்.

"அப்பறம் சார்... ஸ்பீட் பிரேக்கர் வர்றப்ப பிரேக்கக் கொஞ்சம் முன்னாலயே தொட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"பிரேக்லயும் கோளாறா?"

துணியை உதறி மடித்தார். "இல்ல சார். பிரேக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. நேரே கம்பெனிக்குப் போய் பிரேக்கைப் பார்க்கச் சொன்னேன். நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக் புதுசு மாதிரி இருக்கிறது என்றார்கள்.

அதற்கப்புறம் எனக்குப் பித்துப் பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. முன்பக்கம் போச்சு என்கிறது கம்பெனி, பின்பக்கம் போச்சு என்கிறது தலத்தெரு. ஒரே வண்டியை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு வண்டியாகிவிடுமா? ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், டயரில் காற்றைக் குறைத்தாலே போதும் என்றார். போனில் வீடியோ பார்த்தேன். ஸ்பிரிங் மெதுவாக இருந்தால்தான் சொகுசு என்றார் ஒருவர். விறைப்பாக இருந்தால்தான் வண்டி ஆடாது என்றார் இன்னொருவர். ஆடுவது நல்லதா ஆடாதது நல்லதா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. ஒரு சம்பள பில்லில் எழுத்து மாறியிருந்தால் இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவேன், நான் கண்காணிப்பாளராக இருக்கிற ஆபீஸில் எல்லோரும் என் மேஜைக்கு வரவே யோசிப்பார்கள். அப்படிப்பட்டவன் நாலு இரும்புக் குழாய்க்கு முன்னால் இப்படித் திண்டாடினேன்.

கடைசியில் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் கம்பெனி சொன்னது, அந்தப் பக்கம் மெக்கானிக் சொன்னது என்று எழுதி அவளிடமே நீட்டினேன்.

"நீதான ஒக்காரப் போறவ. நீயே சொல்லு."

அவள் முழுவதையும் படித்தாள். "எங்க வேணாலும் மாத்துங்க. நிதானமா மாத்துங்க" என்றாள்.

இதில் என்ன முடிவு எடுப்பது? ஒரு முடிவும் எடுக்காமல் இரண்டையும் செய்தேன். முன்பக்கத்தைக் கம்பெனியில் மாற்றினேன், பின்பக்கத்தைத் தலத்தெருவில். பின்னால் வெளிச் சாமானைப் போட்டால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனியில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மெக்கானிக் குனிந்து புதிய முன்பக்கத்தைப் பார்த்தார். "போட்டுட்டீங்க, சரி" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம், பரிசோதனை அன்று காலையிலேயே கிளம்பினோம். வண்டி உண்மையிலேயே மாறியிருந்தது, எனக்கே தெரிந்தது. ஊர் எல்லை தாண்டும் முன்னாலேயே கேட்டேன்.

"எப்படி இருக்கு?"

"பரவால்ல."

பரவாயில்லையாமே! எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் நாயாய் அலைந்தவனுக்குக் கிடைத்தது ஒரு பரவாயில்லை. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர் முடிந்ததும் கேட்டேன். அவள் பரவால்ல, பரவால்ல என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். முன்னால் ஒரு மணல் லாரி வழிவிடாமல் போனது, ஹாரனை அழுத்திக்கொண்டே அதைத் தாண்டினேன். திருக்கடையூருக்கு அப்பால் மண்ணைப் போட்டுத் திருப்பிவிட்டிருந்த இடத்தில் வண்டி இறங்கி ஏறியது.

"யம்மா" என்றாள்.

அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆனது என்று இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை. "இதுக்கு மேல நான் என்ன பண்றது? முன்னாலயும் மாத்தியாச்சு, பின்னாலயும் மாத்தியாச்சு. வண்டியவே மாத்தட்டுமா? இல்ல ஒன் முதுக மாத்தட்டுமா?" என்று கத்தினேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சீர்காழி வந்ததும், "பஸ் ஸ்டாண்டுகிட்ட நிறுத்துங்க" என்றாள். டீ குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நிறுத்தினேன். இடுப்பு பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு இறங்கி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்துபோய், கிளம்ப நின்ற ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். நடுவில் ஜன்னலோர இருக்கை. நான் ஓடிப்போய் ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

"எறங்கு. பஸ்ல இதவிடத் தூக்கிப் போடும்."

"போடட்டுங்க. இந்த டிரைவருக்கு எம்மேல கோவம் இல்ல."

பஸ் கிளம்பிவிட்டது.

நான் பின்னாலேயே போனேன். முந்தவும் மனமில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. ஸ்பீட் பிரேக்கருக்கு ரொம்ப முன்னாலேயே பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போதெல்லாம் நானும் பிரேக்கை மிதித்தேன். வண்டி ஏறுவதும் தெரியவில்லை, இறங்குவதும் தெரியவில்லை. கொள்ளிடம் பாலத்தில் போகும்போது மெக்கானிக் கையைத் துடைத்த துணி ஞாபகத்துக்கு வந்தது. டேப்லெட்டுக்காரர் கண்ணைத் தாழ்த்தியது, ஆக்டிங் டிரைவர், நிதானமா மாத்துங்க என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லோரும் சொல்லித்தான் இருக்கிறார்கள். 'சார், உங்களுக்கு ஓட்டத் தெரியல' என்று ஒரு சாரிடம் யார்தான் நேராகச் சொல்வார்கள்? இருபத்தாறு வருடம் கூட இருந்தவளாலேயே வண்டி தூக்கிப் போடுகிறது என்றுதான் சொல்ல முடிந்திருக்கிறது. ஏசியைப் போட்டிருந்தும் எனக்கு முகம் எரிந்தது. காருக்குள் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. அவள் மேல் எனக்கு என்ன கோபம்? கடலூர் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

புதுச்சேரியில் அவள் இறங்கியபோது கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒரு ஊசியை வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு இடமாக அவள் தெரிகிறது, தெரியவில்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கணுக்கால் பக்கம் பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த மாதம் கட்டாயம் வர வேண்டும் என்றார்.

வெளியே வந்தோம். கார் வலப்பக்கம் நின்றது, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோக்கள் இடப்பக்கம். அவள் நடுவில் நின்றாள்.

"வண்டியில வர்றியா?" என்று கேட்டேன்.

"கோவம் போயிடுச்சா?"

"கோவமே இல்ல" என்றேன். "பயம். அன்னைக்குக் கையெழுத்துப் போட்டதுலேருந்து பயம். நீ யம்மான்னு சொன்னாலே எனக்குக் கை கால் ஓட மாட்டேங்குது."

அவள் காரை நோக்கி நடந்துபோய், பின்கதவைத் திறக்காமல் முன்கதவைத் திறந்தாள்.

"அப்ப பயந்தவன் மாதிரியே ஓட்டுங்க" என்றாள்.