வாய் திறக்காத போல்ட்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்ததும் பூவராகவனின் கை முதலில் போவது கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் போல்ட்டுக்குத்தான். புது ஆயில் ஊற்றும் வழி அது. பழைய ஆயிலை இறக்கும் போல்ட் அதற்குக் கீழே, சுலபமாகக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அதை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். மேல் போல்ட்டைக் கால் சுற்று அசைத்துப் பார்த்து, "வாயத் தொறந்துச்சு" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் கீழே ஸ்பேனர் வைப்பார். இருக்கிற ஆயிலைக் கொட்டிவிட்டு, ஊற்றும் வழி திறக்காமல் போனால் வண்டி ஓர் அடி நகராது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போகும் சாலையில், லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவே இருக்கிறது அவருடைய ஷெட். வயது ஐம்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கும். அது கண்ணுக்கு ஏறி யாரும் பார்த்ததில்லை. "கைக்குத் தெரியாதது கண்ணுக்கு இன்னாத்த தெரியப்போவுது" என்பார். போல்ட்களோடு பேசுவார். மனிதர்களிடம் காட்டாத மரியாதையெல்லாம் அப்போது வரும். "கொஞ்சம் நகந்து குடுங்க சார்" என்று அவர் கெஞ்சியதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்கள் நகர்ந்ததும் உண்டு.

இப்படிப்பட்டவர் போன திங்கட்கிழமை மத்தியானம் கீழ் போல்ட்டை முதலில் திறந்துவிட்டார்.

வந்திருந்தவர் நூர் முகம்மது. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த காலத்திலிருந்தே பழக்கம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு குடும்பத்தோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டார். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழு மணிக்குச் சென்னையில் டயாலிசிஸ். காரை ஓட்டுவது மனைவி மெஹர்னிசா. நாற்பத்தெட்டு வயதில் இதற்காகவே ஓட்டக் கற்றுக்கொண்டவர். கியர் மாற்றினால் கரகரவென்கிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்திருந்த பாயின் வீங்கிய பாதங்களைப் பார்த்ததும் பூவராகவனுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே படுத்தவர், ஆயில் தட்டில் விழும் சத்தத்தைக் கேட்டுத்தான் தாம் செய்த காரியத்தை உணர்ந்தார்.

மேல் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பத்து வருடம் பழவேற்காட்டு ஏரிக்கரை உப்புக் காற்றில் நின்ற வண்டி. துரு ஏறி, போல்ட் எங்கே முடிகிறது, கியர் பாக்ஸ் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்தார், போல்ட் தலையின் ஒரு மூலை மழுங்கியது.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சொன்னார். "பேஜாராப் பூடுச்சு பாய். கீழ மொதல்ல தொறந்துட்டேன்."

"நீயா?" பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரு பூரா வாயத் தொறந்துச்சான்னு கேட்டுக்கினு இருக்கிற ஆளு நீயா?"

மெஹர்னிசா சிரிக்கவில்லை. "காலைல அஞ்சரைக்குக் கெளம்பணும்ணா."

"ஆவலன்னா வேற வண்டி புடிச்சு நானே இட்டுக்கினு போறேம்மா."

"திரும்பி வரச்சே அவருக்கு வாந்தி வரும்ணா. எங்க நிறுத்தணும், எப்போ சாய்க்கணும்னு இந்த வண்டிலதான் எனக்குத் தெரியும்."

பூவராகவன் மறுபடி உள்ளே போய்க் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். துருவை இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அரை மணியில் பாய் பக்கம் திரும்பவே இல்லை. நெருப்புக் காட்டலாம், ஆயில் ஈரம் இருக்கும் இடத்தில் அதற்கு மனம் வரவில்லை. எதிர் டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் வாங்கிவந்து, துணியை நனைத்து போல்ட்டைச் சுற்றி ஒற்றினார். மூன்று முறை போய்வந்தார். விரல்கள் சிவந்துவிட்டன. மழுங்கிய தலைமேல், அளவில் சற்றுச் சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்.

திறக்கும் பக்கம் உடனே திருப்பவில்லை. "மொதல்ல உள்ளாரவே போங்க சார். கோச்சுக்காதீங்க, தப்பு என்னுதுதான்." ஒரு நூலளவு இறுக்கினார். "இப்போ வாங்க."

டக்கென்று ஒரு சத்தம். வழக்கமான வார்த்தை உள்ளிருந்து வரவில்லை.

"வாயத் தொறந்துச்சு" என்றார் நாற்காலியில் இருந்த பாய்.

புது ஆயில் நிரம்பி வழிந்ததும் புது போல்ட்டைப் போட்டு இறுக்கினார். மெஹர்னிசா சிப்காட் வாசல் வரை ஓட்டிப் பார்த்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அன்று சாயங்காலம் பூவராகவன் வேறு வண்டியைத் தொடவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு அந்தக் கார் சென்னை நெடுஞ்சாலையில் ஏறியபோது, நூறடி பின்னால் அவருடைய டிவிஎஸ்ஸும் போனது. தச்சூர் கூட்டு ரோட்டுக்கு முன்னால் கார் ஓரமாக நின்றது. மெஹர்னிசா இறங்கி, பாயின் தலைக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு மறுபடி கிளப்பினார். புளிய மரத்தடியில் ஒதுங்கி நின்றவரை இருவரும் பார்க்கவில்லை.

கார் கண்ணுக்கு மறைந்ததும் பூவராகவன் அது நின்ற இடத்துக்குப் போய்க் குந்தினார். கியர் பாக்ஸ் இருந்திருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, ஆயில் சொட்டியிருக்கிறதா என்று தார்ச்சாலையை உள்ளங்கையால் இரண்டு முறை தடவினார். எழுந்து, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு, விடிகிற வெளிச்சத்தில் கையை விரித்துப் பார்த்தார். வெறும் புழுதிதான் இருந்தது.